அந்தக் கரையில் நிற்கும் பாதை

"பாதை இப்ப அந்தக் கரையில நிக்கிது. வருமட்டும் மரத்தடியில இருங்க."

இதைக் கேட்டால் தஞ்சாவூர்க்காரர் சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார். பாதை எப்படி நிற்கும், எப்படி வரும்? கிழக்கிலங்கைத் தமிழில் வரும். ஆற்றையோ வாவியையோ கடக்க ஆட்களையும் மாடுகளையும் சைக்கிளையும் லொறியையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவைக்கு இங்கே 'பாதை' என்றுதான் பெயர். தோணியும் வள்ளமும் வேறு சாதி. அவை நினைத்த பக்கம் போகும். பாதை ஒரு துறையிலிருந்து எதிர்த் துறைக்கு மட்டும் போகும், அதே வழியில் திரும்பும். ஆற்றங்கரையில் அறுந்துபோன வீதியின் ஒரு துண்டு மிதந்து வந்து ஆளை ஏற்றிக்கொள்கிறது. பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே ஈச்சிலம்பற்றிலிருந்து தெற்கே வெருகல் ஆறு வரை நடக்கலாம். வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். வயல், பனை, மறுபடி வயல். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் கொக்கு. ஆற்றை அண்ட அண்ட மருத மரங்கள் தடித்துத் தெரியும். கண்டி மலைநாட்டிலிருந்து இறங்கி வரும் மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். பெரிய ஆறு கொட்டியாரக் குடாவில் கலக்க, அதிலிருந்து பிரிந்த கிளை ஒன்று வெருகல் ஆறாகத் தனியே கடலுக்குப் போகிறது. திருகோணமலை மாவட்டம் அந்தக் கரையோடு முடிகிறது, அக்கரை மட்டக்களப்பு. இக்கரையில் சித்திரவேலாயுதர் கோயில். தண்ணீரில் காலை நனைக்க ஆசை வரும். முதலை உள்ள ஆறு, ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

ஆற்றோரமாக நடக்கிறவனுக்கு ஆறே வழிகாட்டி. கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது வருடம் கழித்து 1679இல் தப்பியது அப்படித்தான். அருவியாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டே காட்டு வழியாக நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஆற்றைக் குறுக்கே கடக்க வேண்டியவன் பாடுதான் சங்கடம். அவனுக்கு அதே ஆறு மதில்.

அந்த மதிலில் வாசல் திறக்கிற பொறிதான் பாதை. அமைப்பு மிக எளிது. இரண்டு நீள மிதவைகளை இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே குறுக்குச் சட்டம் போட்டு, பலகை பாவுகிறார்கள். மிதவை மர வள்ளமாக இருக்கலாம், இரும்புத் தகட்டுப் பெட்டியாக இருக்கலாம். இரு அந்தத்திலும் கரையைத் தொடச் சாய்பலகை, இரு பக்கமும் கைபிடி. கரைக்குக் கரை ஒரு கம்பி அல்லது வடம். அவ்வளவுதான். முன்பக்கம் பின்பக்கம் என்று அதற்கு இல்லை. திரும்ப வேண்டிய தேவையே வராது.

இழுக்கிற விதம்தான் பார்க்கப் பார்க்க அலுக்காதது. இழுப்பவர் முன் அந்தத்தில் நின்று கம்பியை இறுகப் பிடிக்கிறார். பிடித்தபடி பலகையை உதைத்து உதைத்துப் பின் அந்தம் வரை நடக்கிறார். கரையிலிருந்து பார்த்தால் ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார், அவர் காலுக்குக் கீழே பாதை நழுவி முன்னே போகிறது. பின் அந்தம் வந்ததும் கம்பியை விட்டு, முன்னுக்கு வந்து மறுபடி பிடிக்கிறார். ஆறு முழுவதும் இதே நடை.

லொறி ஏறிய மிதவையை ஓரிருவர் கையால் இழுக்க முடிவது எப்படி? மெதுவாகப் போவதால். தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் தடை காலாகும். தரையில் அந்தப் பாரத்தை அசைக்கவும் முடியாதவர், அவசரப்படாத வரை தண்ணீரில் இழுத்துவிடுவார். பயணிகள் அவசரப்படுத்தினால் அவருக்கு வரும் கோபம் நியாயமானது.

கம்பியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விறைப்பாகக் கட்டினால்தான் பலம் என்று தோன்றும். உண்மை மறுதலை. துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டிப் பாருங்கள், நாலு ஈரச் சாரம் போட்டதும் அறும். கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் தாங்கும். ஆற்றோட்டம் நடு ஆற்றில் நிற்கும் பாதையை ஒரு பக்கமாகத் தள்ளும்போதும் இதே கணக்குத்தான். 100 மீற்றர் நீளக் கம்பி நடுவில் 5 மீற்றர் வளைய இடம் இருந்தால், தள்ளும் விசையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இழுவை கம்பியில் விழும். 1 மீற்றர்தான் வளையும் என்றால் இருபத்தைந்து மடங்கு. மாரியில் ஆறு பெருகி, மரங்கள் அடித்துக்கொண்டு வரும் நாட்களில் பாதையைக் கட்டிப்போடுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனி, பாரம். 8 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள இரண்டு பெட்டி மிதவை என்று வையுங்கள். தண்ணீரில் பதியும் பரப்பு 16 சதுர மீற்றர். ஒரு தொன் ஏற்றினால் ஒரு கன மீற்றர் தண்ணீர் விலக வேண்டும்; ஆகவே பாதை 6 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே தாழும். நாற்பது பேர் ஏறினால் 15 சென்ரிமீற்றர். மிதவையின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால், எத்தனை பேர் என்று எண்ண வேண்டாம், கோடு சொல்லிவிடும். கடல் ஏறிக் கழிமுகம் உவர்க்கும் கோடையில் உப்புத்தண்ணீர் நாற்பதில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும். வெள்ளத்து நன்னீரில் அந்தச் சலுகையும் இல்லை.

அமிழ்வதைக் காட்டிலும் ஆபத்தானது சாய்வது. இரண்டு மிதவைக்கு நடுவே இடைவெளி விடுவது இதற்காகத்தான். அந்த இடைவெளியை இரட்டித்தால் சாய்வை எதிர்க்கும் பலம் ஏறக்குறைய நாலு மடங்காகும். ஆனாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கத்து மிதவை முழுதாய் மூழ்கிவிட்டால், மேற்கொண்டு அது ஒரு கிலோவைக்கூடத் தாங்காது. அதன் பிறகு கவிழ்வது கண் இமைக்கும் நேரம். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடக்கும்போது ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தார்கள். பாதையைப் பற்றி எழுதுகிறவன் அந்தக் காலையைத் தாண்டிப் போக முடியாது.

ஆற்றங்கரை நடைக்குப் பேர்போன இங்கிலாந்திலும் இதன் உறவுக்காரர் உண்டு. வை நதியில் சிமண்ட்ஸ் யாட் என்ற இடத்தில், தலைக்கு மேலே ஓடும் கம்பியைக் கையால் பிடித்து இழுத்தே நடைபயணிகளை அக்கரை சேர்க்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ரைன் ஆற்றைக் கடக்கும் படகுகளுக்கு இழுக்கவும் ஆள் வேண்டாம். கம்பியில் கட்டிய படகை ஓட்டத்துக்குச் சற்றுச் சரிவாகத் திருப்பிப் பிடித்தால், ஆறே அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய் விடுகிறது, காற்று பட்டத்தைத் தூக்குவது போல. கோடையில் சோம்பிக் கிடக்கும் வெருகலில் அந்த வித்தை எடுபடாது.

பாலங்கள் வருமுன் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போக, கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறை துறையாகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாவில் இந்த வழியில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறந்தது, குறிஞ்சாக்கேணிப் பாலம் வேறு; வெருகலில் 2011இல். பாதை போனதே என்று கண்ணீர் விட நான் ஆயத்தமில்லை. இரவில் பிரசவ வலி கண்டவளும் பாம்பு கடித்தவனும் இந்தக் கரையில் பாதைக்காகக் காத்திருந்த ஊர் இது. 2006இல் சண்டை மூண்டபோது இந்தப் பக்கத்துச் சனம் இதே ஆற்றைக் கடந்துதான் வாகரைக்கு ஓடியது. பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவர் இப்போது ஆறு வந்ததையே கவனிப்பதில்லை. போகட்டும்.

நடந்து வருகிறவர்கள் கவனிக்கிறார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என்று கதிர்காமம் வரை போகும் பாதயாத்திரைக் கூட்டம் வெருகல் கோயிலில் தங்கி இளைப்பாறும். வழி முழுக்க வாகனம் ஏறுவதில்லை என்று நேர்ந்துகொண்டு வருகிறவர்கள். பாலம் இல்லாத காலத்தில் இந்த ஆற்றில் அவர்கள் நேர்த்தி என்னானது என்று, முன்பு பலமுறை நடந்து போய்வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். நிற்பவர் நின்றபடியே அக்கரை சேர்ந்தால் அது நடையாகுமா?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அது வாகனமில்லையே, தம்பி. பாதைதானே."