நன்னூற் குற்றங்களும் கதைத் திருத்தமும்

கதை எழுதுவோர்க்கு வேண்டும் திறன்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எழுதிய கதையைத் திருத்துவோர்க்கு வேண்டும் திறனைப் பற்றி எழுதியோர் சிலரே. நம் நாட்டில் இளைஞர் ஒருவர் கதை எழுதினால், அதனை முதலிற் படிப்பவர் பெரும்பாலும் அவருடைய தமிழாசிரியரே ஆவார். ஆசிரியரோ சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தாளைத் திருப்பித் தந்துவிடுகிறார். கதை அச்சேறுகிறது, பிழையற்ற தமிழில் ஒரு பிழையான கதை வெளிவருகிறது. அது படிப்போர் நெஞ்சில் நில்லாமைக்குக் காரணம் யாதென்று அவ்விளைஞர்க்கு விளங்குவதில்லை. ஓரிரு கதைகளோடு எழுதுவதையே விட்டுவிடுவோரும் உளர். இந்நிலை மாற ஆசிரியர் செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மீட்டலும் வினாவலும்

பதிப்பாசிரியர் என்றதும் நம் நினைவிற்கு வருபவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சிட்டார். அந்நூலாசிரியர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எனவே, ஏடெழுதினோர் செய்த பிழைகளை நீக்கி, நூலாசிரியரின் சொல்லை மீட்பதே ஐயரவர்களின் பணியாயிற்று. கதை நூலைப் பதிப்பிப்போர் நிலை வேறு. எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார், அவரைக் கேட்கலாம், அவரும் மாற்றி எழுதலாம். ஆகவே, முன்னதன் உயிர் மீட்டல் என்றால், பின்னதன் உயிர் வினாவல் எனலாம்.

கதை நூல்களைத் திருத்தும் பணி மூன்று படிகளை உடையது. முதற்படி கட்டுக்கோப்பை நோக்குவது. கதை எங்கே தொடங்க வேண்டும், யார் கண்வழியே செல்ல வேண்டும், எந்நிகழ்ச்சி வேண்டுவது, எது வேண்டாதது என்பன இதில் அடங்கும். இரண்டாம்படி தொடர்களையும் சொற்களையும் செப்பஞ் செய்வது. பாத்திரங்களின் பெயர், வயது, நிகழ்ச்சிகளின் நாள் முதலியன முன்னும் பின்னும் ஒத்துள்ளனவா என்று காண்பதும் இதன்பாற்படும். மூன்றாம்படி மெய்ப்புத் திருத்தம். இவ்வரிசை மாறலாகாது. கூரையை மாற்றவேண்டிய வீட்டிற்குச் சுண்ணாம்பு அடிப்பார் உண்டோ? நீக்கவேண்டிய பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பதும் அத்தகையதே. நம்மவர் பலர் மூன்றாம்படியிலே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர்.

உரைகல் நம்மிடமே உண்டு

முதற்படிக்கு உரைகல்லை வெளியே தேடவேண்டுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துள்ளார். தேர்வுக்கு மனப்பாடம் செய்து பிறகு நாம் மறந்துவிடும் பகுதி அது. கதைக்கும் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காண, ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். தோட்டத்தில் பால்மரம் சீவும் தந்தை, கோலாலம்பூருக்கு வேலைக்குச் செல்ல விரும்பும் மகள், தந்தை மறுக்கிறார், இறுதியில் இசைகிறார்.

முதல் இரண்டு பக்கங்களில் பனியும் பறவையும் தோட்டத்தின் வரலாறும் வருகின்றன. மகள் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறாள். இது மற்றொன்று விரித்தல். அவள் கண்ணீர் விடுவதைக் காட்டிய பிறகு, அவள் மிக வருந்தினாள் என்று மீண்டும் எழுதுவது கூறியது கூறல். விடியும்வரை பெருமழை பெய்தது என்று எழுதிவிட்டு, ஆறு மணிக்குத் தந்தை மரம் சீவினார் என்பது மாறுகொளக் கூறல். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது வெளியே வழிந்து வீணாகும். ஆதலின் மரம் காயும்வரை சீவமாட்டார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர் அவ்விடத்திலேயே கதையை நம்பாது மூடிவிடுவர். இலக்கணம் மட்டும் அறிந்தவர்க்கு இப்பிழை புலப்படாது. இறுதியில் பெண்கல்வி பற்றி ஒரு சொற்பொழிவோடு கதை முடிந்தால், அது சென்று தேய்ந்து இறுதல்.

இவை எளிதிற் காணத்தக்கவை. அரியது குன்றக்கூறல். தந்தையின் மனம் ஏன் மாறிற்று என்பதற்குக் கதையில் விடையில்லை என்று கொள்வோம். இது குற்றமா, அன்றிக் குறிப்பாற் பொருளுணர்த்தும் நயமா? இதனைத் தெளிய ஒரு வழி உண்டு. எழுதியவரைக் கேட்க வேண்டும். விடையைத் தாம் அறிந்து, படிப்போர் உய்த்துணரச் சில குறிப்புகளையும் வைத்திருந்தால் அது நயம். எழுதியவர்க்கே விடை தெரியாவிடின் அது குற்றம்.

ஒரு நாவல் திருந்திய வரலாறு

இவ்வேறுபாட்டை அமெரிக்க நாவல் ஒன்றின் வரலாறு நன்கு விளக்கும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1924-இல் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலின் கையெழுத்துப்படியை நியூயார்க்கிலுள்ள ஸ்கிரிப்னர் நிலையத்திற்கு அனுப்பினார். அங்குப் பதிப்பாசிரியராயிருந்த மாக்ஸ்வெல் பெர்க்கின்ஸ், அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் எழுதிய கடிதத்தில் நாவலை மனமாரப் பாராட்டினார். அதனோடு சில குறைகளையும் எடுத்துரைத்தார். கதைத்தலைவன் உருவம் தெளிவாகத் தோன்றவில்லை. அவன் செல்வம் வந்த வழிக்குக் குறிப்பேனும் வேண்டும். அவன் முன்வரலாறு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது என்பன அவை. தலைவன் எப்படியிருப்பான், என்ன தொழில் செய்தான் என்பன தமக்கே தெளிவாகத் தெரியாதிருந்தன என்று ஃபிட்ஸ்ஜெரால்டு மறுமொழியில் ஒப்புக்கொண்டார். பின்னர் ரோம் நகரில் தங்கியிருந்தபோது, அச்சுக்கோத்த மெய்ப்புத் தாள்களிலேயே பெருந் திருத்தங்கள் செய்தார். தலைவனின் முன்வரலாற்றைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் அமைத்தார். நாவல் 1925 ஏப்ரல் 10-இல் வெளிவந்தது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று: பெர்க்கின்ஸ் குறையைச் சுட்டினார், மாற்றி எழுதியவர் ஃபிட்ஸ்ஜெரால்டே.

ஆசிரியர் கடன்

இத்தகைய முயற்சி நம் மண்ணுக்குப் புதிதன்று. மலாயாவில் 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தி எழுதுவோரைப் பயிற்றினர். அதே பத்தாண்டில் அவ்விதழிற் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் எழுத்தாளர்களைக் கூட்டிக் கதைகளை ஆராயச் செய்தார். அவ்விதழ் 2019-இல் நின்றுவிட்டது. ஆயினும், அப்பணியை ஒவ்வொரு பள்ளியிலும் தொடர்தல் கூடும்.

முறை எளிது. முதன்முறை எழுதுகோலைத் தொடாமல் கதை முழுவதையும் படிக்கவேண்டும். ஆர்வம் தளர்ந்த இடத்தையும் நம்பிக்கை குன்றிய இடத்தையும் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர் மூன்று வினாக்களை மட்டும் தனித்தாளில் எழுதித் தரவேண்டும். தந்தை மனம் மாறியது ஏன் என்று கேட்கலாம். அதற்குரிய விடையை ஆசிரியரே எழுதிவிடலாகாது. எழுதினால் கதை ஆசிரியருடையதாகும். மாணவர் கற்பது ஒன்றுமிராது. அவர் திருத்தி எழுதிக் கொணர்ந்த பின்னரே சிவப்பு மைக்கு வேலை.

ஒற்றுப்பிழையை அச்சகத்தாரும் திருத்துவர். மழை பெய்த காலையில் மரம் சீவமாட்டார்கள் என்று எடுத்துரைக்க, அவ்வாழ்வை அறிந்த ஒருவர் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்தகையவர் நம் ஆசிரியரே ஆவர். ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.