மூலையில் நின்ற 8 புள்ளி

தியாகராய நகர் நடேசன் பூங்காவில் சாயங்காலம் பேத்தியும் நானும் செஸ் ஆடுகிறோம். அவளுக்கு வெட்டுவதில்தான் ஆசை. சிப்பாய் 1, குதிரையும் மந்திரியும் 3, யானை 5, ராணி 9 என்று விரல்விட்டு எண்ணுவாள். அவளுக்காகவே ஓர் ஆட்டத்துக்கு நோட்டில் வரவு செலவு எழுதினேன்.

2013 ஜனவரி 15, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே. வெள்ளை லெவோன் அரோனியன், கறுப்பு நம் விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தலில் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெட்டிய வரவு அவருக்கு 11, ஆனந்துக்கு 9. பலகையில் மிச்சம் வெள்ளை 30, கறுப்பு 28. தோற்றவர் கையில்தான் 2 புள்ளி கூடுதல்!

செலவுப் பக்கத்தில், அதாவது நகர்த்தல் கணக்கில், விடை இருக்கிறது. வெள்ளையின் 23 நகர்த்தலில் ஒரு குதிரைக்கு 5, ஒரு மந்திரிக்கு 5. அந்தக் குதிரை ஒரு சிப்பாயும் ஒரு யானையும், ஆக 6 புள்ளி, சம்பாதித்தது உண்மை. ஆனால் ராணிப் பக்கத்து யானையும் மந்திரியும் கடைசிவரை பிறந்த கட்டத்தைவிட்டு அசையவில்லை. அந்த 8 போனால் 30 என்பது 22. ஆனந்தின் ராணி, யானை, இரண்டு மந்திரி, குதிரை ஐந்தும் வெளியே வந்து வேலை செய்துகொண்டிருந்தன. 16-ஆவது நகர்த்தலில் அவர் குதிரையை நடுவில் வைத்தபோது சிப்பாய் நீங்கலாக வெட்டக் கிடந்த கறுப்புக் காய்கள் 4, மதிப்பு 14. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

காயை வெளியே கொண்டுவந்தால் மட்டும் போதுமா? 1988, பீல் நகரம். சபாட்டாவுக்கு எதிராக 18 வயது ஆனந்த். 5 நகர்த்தல் முடிவில் வெளிவந்த காய்கள் 2-க்கு 2, புள்ளியும் சமம். வெள்ளை ராணி ராஜாவுக்கு முன்னால் வந்து நின்றதும் ஆனந்த் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஒரு காய் பறிபோவது உறுதி. மந்திரி வந்த கட்டம் தவறு.

அப்படியானால் ஒரு நகர்த்தலின் விலை என்ன? பலகையில் 7 காய்வரை இருந்தால் பிழையில்லா ஆட்டம் எதுவென்று கணினி அறுதியிட்டுச் சொல்லிவிடும். தொடக்கத்தில் நிற்பதோ 32. முதல் நகர்த்தலுக்கே 20 வழி. ஆளுக்கு இரண்டு ஆடினால் 1,97,281. அங்கே ஒரு நகர்த்தலுக்குத் துல்லிய விலை கிடையாது. காய்களை வெளியே கொண்டுவருவதில் 3 நகர்த்தல் முந்தினால் 1 சிப்பாய்க்குச் சமம் என்ற பழைய மதிப்பீட்டைத்தான் பேத்திக்குச் சொன்னேன்.

நேற்று, சும்மா கிடைத்த சிப்பாயை வெட்டாமல் நாலாவது நகர்த்தலிலேயே கேஸ்லிங் செய்தாள். நோட்டில் தேதி போட்டுக்கொண்டேன்.