நெப்ராஸ்காவில் ஒரு திங்கட்கிழமை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், 1886 முதல் சாலமன் புட்சர் என்ற ஒளிப்படக் கலைஞர் ஊர் ஊராகச் சென்று குடியேறிய உழவர் குடும்பங்களைப் படம் எடுத்தார். அவற்றில் ஒன்றை எட்டாம் வகுப்பில் காட்டினேன். மண் வீட்டின் முன் மாடுகளோடு அப்பா நிற்கிறார். அம்மா நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். "அவங்க சும்மா உட்கார்ந்திருக்காங்களே டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி, பயிரிட்டு, 5 ஆண்டுகள் குடியிருந்தால் பட்டா கிடைக்கும். (பானி, லகோட்டா போன்ற பழங்குடியினர் வாழ்ந்த மண் அது. சும்மா கிடந்த நிலம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.)

புல்வெளியின் வேர்ப்பின்னல் கடினமானது. பல இணை எருதுகளைப் பூட்டி உழ வேண்டும். முதல் ஆண்டில் சில ஏக்கர்தான் உழ முடியும். உழுது புரட்டிய கட்டியைக் கோடரியால் கீறி, அந்தப் பிளவில் மக்காச்சோளம் ஊன்றுவார்கள். மரம் அரிது என்பதால் அதே மண்கட்டிகளை அடுக்கித்தான் வீடும் எழுப்பினார்கள். கிணறு தோண்டுவது, கால்நடைக்குத் தீனி, குளிர்காலத்தில் கருவிகளைச் செப்பனிடுவது என ஆண்களின் நாள் கழிந்தது.

பெண்களின் வேலைக்குக் கிழமைக் கணக்கு உண்டு. இடத்துக்கு இடம் சற்று மாறினாலும் திங்கள் துவைப்பது, செவ்வாய் இஸ்திரி போடுவது, பிறகு தைப்பது, வெண்ணெய் எடுப்பது, ரொட்டி சுடுவது என்பதே வழக்கம். சமையலும் குழந்தைகளும் அன்றாடக் கணக்கு. நாம் தயிரைக் கடைவோம். அவர்கள் அகன்ற தட்டுகளில் பாலை ஊற்றிவைத்து, மேலே படியும் ஆடையை வழித்தெடுத்து, உயரமான மரக்குடுவையில் கழியால் இடித்துக் கடைந்தார்கள். அந்த வெண்ணெயையும் முட்டையையும் கடையில் கொடுத்துச் சர்க்கரையும் துணியும் வாங்கினார்கள். 1874இல் வெட்டுக்கிளிகள் வயல்களை மொட்டையடித்தன. அத்தகைய ஆண்டுகளில் இந்தச் சிறு வரவு எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் பட்டாவுக்குச் சாட்சி சொல்ல வந்தவர்களிடம் வீட்டையும் உழுத ஏக்கரையும் பற்றித்தான் கேட்டார்கள். கடைந்த வெண்ணெய்க்கு அதில் இடமில்லை.

திங்கட்கிழமைதான் கடினம். தண்ணீரைச் சுமந்து வந்து, காய்ச்சி, நெளிநெளியான துவைப்பலகையில் தேய்த்து, வெள்ளைத் துணியை வேகவைத்து, இருமுறை அலசிப் பிழிய வேண்டும். விறகு கிடைக்காத இடங்களில் அடுப்புக்குக் காய்ந்த சாணம். நம் வரட்டிபோல் தட்டியதல்ல. புல்வெளியில் தானே காய்ந்து கிடந்தது. விரைவில் எரிந்து தீரும். சாம்பல் அள்ளி மாளாது.

இதைக் கணக்காகவும் கொடுத்தேன். துவைக்க 200 லிட்டர் தண்ணீர், கிணறு 50 மீட்டர் தொலைவில் என்று வைத்துக்கொள்வோம். கைக்கொரு 10 லிட்டர் வாளி என்றால் ஒரு நடைக்கு 20 கிலோ. 10 நடை; போய்வர மொத்தம் 1 கிலோமீட்டர். விடை வந்ததும் அந்த மாணவி, "படம் எடுக்கும்போதுதான் உட்கார்ந்திருப்பாங்க போல" என்றாள்.

மறுநாள், வீட்டுப் பெரியவர்கள் காலை எழுந்தது முதல் படுக்கும்வரை செய்யும் வேலைகளை நேரத்தோடு எழுதிவரச் சொன்னேன். "அம்மா: சமையல்" என்று ஒரே வரியில் எழுதி வந்தவர்களே அதிகம். அவர்களைத் திருத்தாமல், ஒரு ஞாயிறு முழுதும் உடனிருந்து பார்த்து மீண்டும் எழுதச் சொன்னேன். இரண்டாம் பட்டியல் சிலருக்கு இரண்டு பக்கம் வந்தது. ஐந்தாம் வகுப்புக்குத் தண்ணீர்க் கணக்கு மட்டும் போதும். வாளியின் அளவை அவர்களே வீட்டில் அளந்து வரட்டும்.