எடை, வேகம், பாராசூட்: இருவர் பறக்கும் சிறு விமானத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரண்டே இருக்கைகள், ஒற்றை எஞ்சின், மடங்காத சக்கரங்கள். இப்படிப்பட்ட சிறு விமானங்களுக்கு 2004-ஆம் ஆண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒரு தனி வகுப்பை உருவாக்கி, ‘லைட் ஸ்போர்ட்’ விமானம் என்று பெயரிட்டது. அதற்கு அப்போது வகுத்த வரம்புகள் தெளிவானவை. தரையில் இறங்கும் விமானமானால் புறப்படும்போது மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது; நீரில் இறங்குவதானால் 650 கிலோ. சமமட்டத்தில் பறக்கும் உச்ச வேகம் 120 நாட், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டர். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ நிலை 45 நாட்டுக்கு (83 கிலோமீட்டர்) மேல் நேரக் கூடாது. இதை ஓட்டும் ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்குக் குறைந்தது 20 மணி நேரப் பறப்புப் பயிற்சி போதும். வழக்கமான தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம் தேவை.

இந்த வகுப்பு மலிவாக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய விமானங்களைப் போல ஒவ்வொரு மாடலையும் அரசு அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்துச் சான்றளிப்பதில்லை. ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் குழு வகுத்த விதிகளுக்கு விமானம் உட்பட்டிருப்பதாகத் தயாரிப்பாளரே உறுதிமொழி தருகிறார். 2005-இல் செக் குடியரசின் எவெக்டர் ஸ்போர்ட்ஸ்டார் இந்த வழியில் முதலில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட மாடல்கள் சந்தைக்கு வந்தன. அரசு விலகி நிற்கும் இடத்தில், விமானத்தை ஆராயும் பொறுப்பில் ஒரு பங்கு வாங்குபவர் தலையில் விழுகிறது. விற்பனைப் பட்டியலில் பாதுகாப்புக் கருவிகள் நீளமாக இருக்கும். ஆனால் பாதுகாப்பின் பெரும்பகுதி அந்தப் பட்டியலுக்கு வெளியே, விமானத்தின் அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு

ஒரு மாடலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் எண் அதன் வெற்று எடை. விளம்பர ஏட்டில் அச்சிட்டிருக்கும் எண் போதாது. கேட்ட கருவிகள் எல்லாம் பொருத்தியபின் தராசில் நிறுத்திய எடை வேண்டும்.

வெற்று எடை 350 கிலோ என்று வைத்துக்கொண்டால், 600 கிலோ வரம்பில் மிஞ்சுவது 250 கிலோ. 85 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 170 கிலோ போய்விடும். பைகளுக்கு 10 கிலோ. மீதி 70 கிலோவுக்குச் சுமார் 97 லிட்டர் பெட்ரோல் நிரப்பலாம். மணிக்கு 20 லிட்டர் செலவாகும் எஞ்சினுக்கு இது ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே விமானத்தில் பாராசூட், தானியங்கி ஓட்டி, இரண்டாவது திரை, தோல் இருக்கை என்று சேர்த்து வெற்று எடை 390 கிலோவானால், எரிபொருளுக்கு மிஞ்சுவது 30 கிலோ, அதாவது 41 லிட்டர். பகல் பறப்புக்குச் சட்டம் கேட்கும் அரை மணி நேரக் கையிருப்பை ஒதுக்கினால் பறக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்.

இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கியவருக்கு இரண்டு வழிகளே உண்டு: பெட்ரோலைக் குறைப்பது அல்லது வரம்பை மீறுவது. இரண்டுமே விபத்துக்கு இட்டுச் செல்பவை. அதனால் ஒவ்வொரு பாதுகாப்புக் கருவிக்கும் விலையை ரூபாயிலோ டாலரிலோ மட்டும் பார்த்தால் போதாது. கிலோவிலும் பார்க்க வேண்டும்.

மெதுவாக இறங்குவதே முதல் காப்பு

எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால், உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது பெரும்பாலும் தரையைத் தொடும் வேகத்தைப் பொறுத்தது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 45 நாட்டில் தரையைத் தொடும் விமானத்தைவிட, அதே எடையுள்ள 60 நாட் விமானம் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆற்றலோடு மோதும். ஆகவே இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது உச்ச வேகத்தைவிட ஸ்டால் வேகத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மெதுவாகப் பறக்கும் இலேசான விமானத்தைக் காற்று எளிதில் அலைக்கழிக்கும். பெரிய விமானங்களில் பழகிய விமானிகள் லைட் ஸ்போர்ட் விமானத்துக்கு மாறும்போது தடுமாறுவது பெரும்பாலும் தரையிறங்கும் நேரத்தில்தான். ஓடுதளத்துக்குக் குறுக்கே வீசும் காற்றில் எந்த அளவு வரை சோதித்திருக்கிறார்கள் என்பதைக் கையேட்டில் பார்த்து, பறக்கப்போகும் ஊரின் காற்றோடு ஒப்பிட வேண்டும். மூக்குச் சக்கரம் உள்ள விமானம் தரையில் நேராக ஓடும். வால் சக்கரம் உள்ளது கரடுமுரடான புல்தரைக்கு ஏற்றது; ஆனால் தரையில் திரும்பிச் சுழலும் குணம் உள்ளதால் கூடுதல் பயிற்சி கேட்கும். மேல் இறக்கை விமானத்தில் கீழே நன்றாகத் தெரியும். கீழ் இறக்கை விமானத்தில் திரும்பும் பக்கம் மறையாது.

இறக்கையும் வாலும் சொல்லும் வரலாறு

ஒரு மாடலின் கடந்த காலத்தைப் படிப்பது கருவி எதையும்விட மேலான காப்பு. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

செஸ்னா நிறுவனம் இந்த வகுப்புக்காக 162 ஸ்கைகேட்சர் என்ற விமானத்தை வடிவமைத்தது. 2008 செப்டம்பரில், ஸ்டால் ஆன விமானம் சுழன்றபடி கீழிறங்கும் ‘ஸ்பின்’ நிலைக்கான சோதனையின்போது ஒரு முன்மாதிரி கட்டுக்குள் வராமல் சுழன்றது. விமானி குதித்துத் தப்பினார். 2009 மார்ச்சில் இன்னொன்றும் அப்படியே சுழல, விமானி முழு விமானத்துக்குமான பாராசூட்டை விரித்து உயிர் பிழைத்தார். நிறுவனம் வால் பகுதியைத் திருத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குப் போனது. விதிகளின் குறைந்தபட்சத்தோடு நிற்காமல் கடுமையாகச் சோதித்ததால் குறை விற்பனைக்கு முன்பே வெளிப்பட்டது.

ஸோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். விஷயத்தில் குறை பின்னால்தான் தெரிந்தது. பறக்கும்போதே உடைந்து விழுந்த பல விபத்துகளுக்குப் பின், 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த மாடலைத் தரையில் நிறுத்திவைக்கும்படி எஃப்.ஏ.ஏ.வுக்குப் பரிந்துரைத்தது. இறக்கை நுனியருகே உள்ள அசையும் பலகைகள் காற்றோட்டத்தோடு சேர்ந்து பெருகிக்கொண்டே போகும் அதிர்வு சந்தேகத்துக்கு உள்ளானது. பின்னர் இறக்கையை வலுப்படுத்தி, எதிரெடை சேர்க்கும் மாற்றம் வகுக்கப்பட்டது. பழைய விமானம் வாங்குபவர் அந்தந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் விடுத்த பாதுகாப்பு உத்தரவுகள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டதற்கான பதிவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டுமானப் பொருளுக்கும் குணம் உண்டு. அலுமினியத்தில் அடிபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். ஊர் மெக்கானிக்கே பழுது பார்க்கலாம். கார்பன் இழை இலேசானது, வழுவழுப்பானது. ஆனால் உள்ளே விரிசல் இருந்தும் மேலே தெரியாமல் போகலாம். வெயிலில் சூடேறாதிருக்க வெள்ளைப் பூச்சு வேண்டும். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானங்கள் மோதலைத் தாங்கும் வலு உள்ளவை. துணியைக் காலப்போக்கில் மாற்ற வேண்டும்.

எஞ்சின்

இந்த வகுப்பில் அதிகம் காணப்படுவது ஆஸ்திரிய நிறுவனமான ரோடாக்ஸின் 912 வரிசை. 80 அல்லது 100 குதிரைத்திறன். கார்களுக்கான பெட்ரோலிலும் ஓடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரட்டைத் தீப்பொறி அமைப்பு இருப்பதால் ஒன்று செயலிழந்தாலும் மற்றது ஓட்டும். கார்புரேட்டர் உள்ள மாடலில் குளிர்ந்த ஈரக்காற்றில் பனி உறைந்து எஞ்சின் நின்றுபோகும் அபாயம் உண்டு. 2012-இல் வந்த 912 ஐ.எஸ். மாடல் கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சுவதால் அந்த அபாயம் நீங்கியது; ஆனால் அது மின்சாரத்தை நம்பி இயங்குவதால் மின் அமைப்பின் மாற்று ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கான்டினென்டல் ஓ-200 எடை கூடியது, எளிமையானது. ஆஸ்திரேலிய ஜபிரு எஞ்சின்களில் பழுதுகள் மிகுந்ததால் 2014 டிசம்பரில் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு ஆணையம் அவற்றுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது.

எந்த எஞ்சினானாலும் பக்கத்தில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே கடைசியில் தீர்மானிக்கும் கேள்வி.

வார், இருக்கை, பெட்ரோல் தொட்டி

இடுப்பை மட்டும் பிணைக்கும் வார் போதாது. இரு தோள்களையும் இடுப்பையும் பிணைக்கும் நான்கு முனை வார் தலை முன்பலகையில் மோதாமல் காக்கும். எடையும் விலையும் குறைவு, பயன் அதிகம். எரிபொருள் தொட்டி இறக்கையில் இருக்கிறதா, பயணிகளின் அறையை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தால் மேல்மூடி திறக்குமா, உடைத்து வெளியேறச் சுத்தியல் உண்டா என்பவை சின்ன விஷயங்களாகத் தோன்றும். கீழ் இறக்கை விமானத்தில் இவை உயிர் காக்கும் விஷயங்கள்.

பாராசூட்

1975-இல் ஹேங் கிளைடரில் இருந்து ஒரு ஏரியில் விழுந்து பிழைத்த போரிஸ் போப்போவ், முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட்டை உருவாக்க முனைந்தார். அவர் தொடங்கிய பி.ஆர்.எஸ். நிறுவனமும் ஐரோப்பாவின் சில நிறுவனங்களும் இன்று இந்த வகுப்புக்கான பாராசூட்டுகளைத் தருகின்றன. கைப்பிடியை இழுத்ததும் சிறு ராக்கெட் பாராசூட்டை வெளியே இழுக்கும். விமானம் அதில் தொங்கியபடி இறங்கும். இறக்கை முறிவு, நடுவானில் மோதல், இரவிலோ காட்டின் மேலோ எஞ்சின் நிற்பது, விமானி மயங்குவது ஆகியவற்றுக்கு இதை விட்டால் வேறு மருந்து இல்லை. ஃபிளைட் டிசைன் சி.டி. போன்ற சில மாடல்களில் இது இயல்பாகவே வரும்; பலவற்றில் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. முதலாவது உயரம். சற்றுப் பெரிய சிர்ரஸ் எஸ்.ஆர்.22 விமானத்தில் சமமாகப் பறக்கும்போது இழுத்தால் சுமார் 400 அடியும், ஸ்பின்னில் இழுத்தால் சுமார் 920 அடியும் இழந்த பிறகே பாராசூட் முழுதாகத் தாங்கும் என்று சோதனைகள் காட்டின. லைட் ஸ்போர்ட் மாடல்களில் எண்கள் வேறுபடும். ஆனால் தரையிறங்கத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் ஸ்டால் ஆனால் பெரும்பாலும் எந்தப் பாராசூட்டுக்கும் நேரமிருக்காது. 2017 நவம்பரில் பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே மெக்சிகோ வளைகுடாவில் இறந்தபோது அவர் ஓட்டிய ஐகான் ஏ5, ஸ்பின்னில் எளிதில் சிக்காதபடி வடிவமைக்கப்பட்ட விமானம். ஆனாலும் நீர்மட்டத்தை ஒட்டி அதை வேகமாக ஏற்றி இறக்கியதே அவர் விபத்துக்கு வழிவகுத்தது.

இரண்டாவது செலவு. சுமார் 15 கிலோ எடை, தயாரிப்பாளர் குறிக்கும் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாராசூட்டைப் பிரித்து மடித்தல், ராக்கெட்டை மாற்றுதல். பழைய விமானத்தில் இந்தக் கெடு நெருங்கியிருந்தால் விலையில் கழிக்க வேண்டும். மூன்றாவது பழக்கம். கைப்பிடியின் பாதுகாப்பு ஊசியைப் பறக்குமுன் எடுக்கவும், இறங்கியபின் திரும்பச் செருகவும் மறக்கக் கூடாது. வெடிக்காத ராக்கெட் மீட்புப் பணியாளர்களுக்கு ஆபத்து என்பதால் விமான உடலின் மேல் எச்சரிக்கைச் சீட்டு அழியாமல் இருக்க வேண்டும்.

திரைகளும் கருவிகளும்

கருவிப் பட்டியலில் முதலிடம் தாக்குகோணக் காட்டிக்கு. இறக்கை ஸ்டாலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வது இது. 2014-இல் எஃப்.ஏ.ஏ. இதைப் பொருத்தும் நடைமுறையை எளிதாக்கியது. அடுத்து, மற்ற விமானங்களைத் திரையில் காட்டும் ஏ.டி.எஸ்.-பி.; 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளிகளில் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் கருவி கட்டாயம். ஐரோப்பாவில் ஃபிளார்ம் இதே வேலையைச் செய்கிறது. எஞ்சின் புகைக்குழாயில் கசிவு ஏற்பட்டால் எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு கருவி, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பெரிய காப்பு. விழுந்த இடத்தை அறிவிக்கும் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதாக இருக்க வேண்டும், பழைய 121.5 அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டன.

தானியங்கி ஓட்டியில் விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும் ஒற்றைப் பொத்தான், தவறி மேகத்துக்குள் புகுந்த விமானிக்குக் கைகொடுக்கும். ஆனால் பெரிய திரை, வண்ண வரைபடம் எல்லாம் மேகத்துக்குள் பறக்கும் துணிச்சலைத் தரவே கூடாது.

பதிவும் பராமரிப்பும்

ஆலையில் முழுதாகத் தயாரான எஸ்-எல்.எஸ்.ஏ. விமானத்தைப் பயிற்சிக்கும் வாடகைக்கும் விடலாம். ஆனால் தயாரிப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு திரையைக்கூட மாற்ற முடியாது. வேண்டிய கருவிகளை வாங்கும்போதே கேட்டுப் பொருத்திவிடுவது நல்லது. பாகங்களின் தொகுப்பாக வாங்கிக் கட்டிய இ-எல்.எஸ்.ஏ. விமானத்தில் உரிமையாளருக்குச் சுதந்திரம் அதிகம். 16 மணி நேரப் பயிற்சி முடித்தால் ஆண்டுச் சோதனையைத் தானே செய்யலாம். தயாரிப்பு நிறுவனம் மூடப்பட்டால் முதல் வகையை இரண்டாவதாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. செஸ்னா போன்ற பெரிய நிறுவனமே ஸ்கைகேட்சரைக் கைவிட்டதைப் பார்த்தால், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற கேள்வியின் கனம் புரியும்.

2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ‘மொசெய்க்’ விதிகள் இந்த வகுப்பைப் பெரிதாக்கின. ஸ்டால் வேகம் 59 நாட் வரையுள்ள, நான்கு இருக்கைகள் கொண்ட விமானத்தையும் ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம். உடன் அழைத்துச் செல்வது ஒரே பயணி. புதிதாகத் தயாராகும் விமானங்களுக்கு 600 கிலோ வரம்பு 2026 ஜூலையில் விலகும்படி விதி அமைந்தது. எடைக்குப் பதிலாக ஸ்டால் வேகமே எல்லைக்கோடாகிறது. பாராசூட்டையும் வலுவான சட்டத்தையும் சேர்க்க இனி எடை தடையாகாது. ஆனால் தரையைத் தொடும் வேகம் கூடும் என்பதையும் வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்திய வானில்

இதே அளவிலான விமானங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. விமானப்படை, கடற்படை, என்.சி.சி. ஆகியவற்றுக்காக 194 பிபிஸ்ட்ரெல் வைரஸ் விமானங்களை வாங்க 2015-இல் ஸ்லோவேனிய நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா-என்.ஜி. இருவர் அமரும் பயிற்சி விமானம். ரோடாக்ஸ் 912 எஞ்சின் கொண்டது. எடையால் லைட் ஸ்போர்ட் வகுப்பின் 600 கிலோ வரம்பைத் தாண்டியது. 2022 பிப்ரவரியில் அது பெங்களூரில் இருந்து புதுச்சேரிக்குப் பறந்து வந்து கடல்மட்டச் சோதனைகளை மேற்கொண்டது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரின் மெல்லிய காற்றில் ஒரு விமானம் காட்டும் எண்களும், கடலோரத்தின் அடர்ந்த காற்றில் காட்டும் எண்களும் ஒன்றல்ல. வாங்கப்போகிறவரும் விமானத்தைத் தான் பறக்கப்போகும் உயரத்திலும் வெப்பத்திலும் முழுச்சுமையோடு சோதித்துப் பார்ப்பதே முறை.

சோதனைப் பறப்பில் ஸ்டால், குறுக்குக்காற்றில் இறக்கம், எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சறுக்கி இறங்குதல் மூன்றையும் அந்த மாடலில் தேர்ந்த பயிற்றுநரோடு செய்து பார்க்க வேண்டும். வாங்கியபின் அதே பயிற்றுநரிடம் சில மணி நேரம் பழகுவதற்கும், ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இரண்டாவது திரைக்கும் பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் போதாவிட்டால், விட வேண்டியது திரையைத்தான்.