வீட்டுத் தையல்: எதில் ஆதாயம், எதில் நஷ்டம்?

கிராமக் கைத்தொழில் என்றவுடன் தறியும் இராட்டையும் நினைவுக்கு வருகின்றன. தையல் இயந்திரம் வருவதில்லை. ஆயினும், இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகள் இதற்கு விலக்கு அளித்தார். 1924-ஆம் வருஷம் ஜி. ராமச்சந்திரனுடன் நிகழ்த்திய சம்பாஷணையில், மனிதருக்கு மெய்யாகவே பயன்படும் சில கருவிகளுள் ஒன்றாக சிங்கர் தையல் இயந்திரத்தை அவர் எடுத்துக் கூறினார். அந்த ராமச்சந்திரனே பின்னர் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து, 1947-ல் காந்திகிராமத்தை நிறுவினார்.

ஆயத்த ஆடைகள் மலிந்தபின் வீட்டுத் தையல் பல குடும்பங்களில் மறக்கப்பட்டது. 2020-ல் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு வந்தபோது தையற்கடைகள் மூடப்பட்டன. முகக்கவசங்களுக்குத் தேவை பெருகிற்று. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அவற்றைத் தைத்து அளித்தன. மூலையில் கிடந்த இயந்திரங்கள் பல அப்போது தூசி தட்டப்பெற்றன. கைபேசியில் செய்முறைப் படங்களைப் பார்த்தே கற்கும் வசதியும் இன்று உண்டு.

நமது செங்கற்பட்டுச் சீமைக்குத் துணி புதிதன்று. டச்சுக்காரர் சதுரங்கப்பட்டினத்தில் தங்கி வாணிபம் செய்ததற்கு இப்பக்கத்து நெசவுத் துணிகள் முக்கிய காரணம். இந்நாளில் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஆடைத் தொழிற்சாலைகளும் உள்ளன. ஆனால் தொழிற்சாலையில் ஒருத்தி காலரை மட்டும், மற்றொருத்தி கையை மட்டும் தைப்பதே வழக்கம். பல வருஷம் அவ்வாறு உழைத்தவரும் தமக்கொரு ரவிக்கை வெட்ட அறியாதிருக்கலாம். ஆகவே வீட்டுத் தையலைத் தனியே கற்கவேண்டும்.

இதில் ஆதாயம் எங்கே? ஆண்களின் சட்டையில் இல்லை என்பதே எமது கருத்து. ஆயிரக்கணக்கில் தைத்து விற்போரின் விலைக்கு வீட்டில் ஒரு சட்டை அடங்காது. காலரும் எளிதில் அமையாது. ரவிக்கையின் கதை வேறு. அது அவரவர் உடலுக்கு அளவாக அமையவேண்டியது. புதுச்சேலை வாங்குந்தோறும் கூலி கொடுத்தே தீரவேண்டும். உள்பாவாடை, தலையணை உறை, சிறுபிள்ளைகளின் உடை, கிழிந்ததைச் செப்பனிடுதல், பெரியதைச் சிறியதாக்குதல் ஆகியவற்றிலும் மிச்சம் உண்டு. பெண் குழந்தையின் பாவாடையில் நம் பாட்டிமார் இரண்டு மூன்று டக்குப் பிடித்து, வளர வளரப் பிரித்துவிடுவார்கள். கடையில் வாங்கும் உடையில் அவ்வாறு பிரிக்கத் துணி விடப்படுவது அரிது.

இயந்திரம் வாங்கக் கடன் கேட்கும் அங்கத்தினர், சென்ற ஒரு வருஷத்தில் தம் வீட்டார் கொடுத்த தையற்கூலியை முதலில் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். அத்தொகை அற்பமாயின், அண்டை வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஓர் இயந்திரம் வைத்துக்கொள்வதே சிக்கனம். தவணை முறையில் விற்பது சிங்கர் கம்பெனியார் காலந்தொட்டு வரும் வழக்கம். ரொக்க விலைக்கும் தவணைத் தொகைக்கும் உள்ள வித்தியாசமே வட்டி என்பதை மறவற்க. 1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னை மாகாணத்தின் முதல் கிராம நாணயச் சங்கம் தோன்றிய திரூர், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அச்சட்டம் பிறந்ததே குடிகளை வட்டிச் சுமையினின்று மீட்பதற்காகத்தான்.

கூலிக்குத் தைக்க விரும்புவோர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களை விசாரிக்கலாம். சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை இத்தகைய மகளிர் சங்கத்தினரே தைத்துத் தருகிறார்கள். ஆனால் இது பருவ வேலை. வருஷம் முழுவதும் இதையே நம்பிக் கடன் வாங்கலாகாது. ஏழை விதவைகளுக்கும், கணவரால் கைவிடப்பட்டோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கும். தையல் பயின்றதற்கான சான்றிதழ் அதற்கு வேண்டும். விவரம் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் அறியலாம்.

கற்பவர் முதலில் நூலின்றித் தாளின்மேல் நேர்கோட்டில் ஓட்டிப் பழகுக. பிறகு தலையணை உறை, அதன்பின் உள்பாவாடை, கடைசியில் ரவிக்கை. பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போடவேண்டும். ரவிக்கைக்கு வைக்கும் லைனிங் துணியையும் தவறாது நனைக்கவும். மேல்துணியும் உள்துணியும் வெவ்வேறளவில் சுருங்கினால் முதற்சலவையிலேயே ரவிக்கை கோணிப்போகும். புதிதாகக் கற்போர் பக்கத் தையலுக்கு அப்பால் ஓர் அங்குலமாவது துணி விடுவது நல்லது. சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி போதும். மெல்லிய துணிக்கு 11, முரட்டுத் துணிக்கு 16.

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரத்தாருக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்து மூடிவைக்கவும். பாபின் பெட்டியில் சேரும் பஞ்சை அகற்றி, தையல் இயந்திர எண்ணெயையே துளித்துளியாக விடவும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகி ஓட்டத்தைத் தடுக்கும். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பாபினைக் குறைகூறுவது வழக்கம்; பெரும்பாலும் பிழை மேல்நூலைக் கோத்த வகையிலேயே இருக்கும். பாதத்தை உயர்த்தி, நூலை முழுவதும் எடுத்துவிட்டு, மீண்டும் முறைப்படி கோக்கவும்.