கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம்

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணித ஆராய்ச்சியைப் பற்றி எழுதுதற்கு என்ன உரிமை என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். கணிதத்தில் வல்ல மாணவர் பலர் விஞ்ஞானமாணிப் பட்டத்தோடு அமைந்துவிடுதலைக் காண்கின்றோம். அதற்கு அப்பாலும் பரீட்சைகளே உள்ளன என்னும் எண்ணம் அவருட் சிலரைத் தடுக்கின்றது. அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாது என்பதை விளக்கவே இதனை எழுதலானோம்.

முதுமாணிக் கல்வி இருவகைப்படும். பாடங்களைப் பயின்று பரீட்சை எழுதுவது ஒருவகை. அதனோடு சிறிது ஆய்வும் சேர்தல் உண்டு. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் ஒரு வினாவை ஆராய்ந்து ஆய்வேடு சமர்ப்பிப்பது மற்றையது. நம் நாட்டில் இது முதுதத்துவமாணி எனப்படும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இதற்குரியது 11ஆம் மட்டம். 12ஆவது கலாநிதிப் பட்டத்துக்குரியது. முழுநேர ஆய்வாயினும் ஈராண்டேனும் வேண்டும். முதல்வகையிற் பிறர் கண்ட விடையைக் கற்கின்றோம். இரண்டாவதில் எவரும் காணாத விடையைத் தேடுகின்றோம்.

கணிதத்தில் அத்தகைய வினா எவ்வாறு பிறக்கும்? ஒரு நாளுக்கு 60 நாழிகை என நம் முன்னோர் வகுத்தனர். 60ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு. 60இற் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. 2, 4, 6, 12, 24, 36, 48 என்பனவும் தமக்குக் குறைந்த எண்கள் யாவற்றினும் மிகுந்த காரணிகளை உடையன. இவற்றைப் பட்டியலிடுதல் பொறுமையுடையார் எவர்க்கும் இயலும். பட்டியல் முடிவின்றி நீளும்போது அவ்வெண்கள் யாவற்றுக்கும் பொதுவாய இயல்பு யாது என வினவுதலும், கண்ட விடையை ஐயமற நிறுவுதலுமே ஆராய்ச்சியாம்.

இவ்வினாவை ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுசன். இவ்வெண்களை முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதினால், மிகப் பெரிய முதன்மை எண் ஒருமுறையே வரும் என்றும், 4, 36 ஆகிய இரண்டுமே அதற்கு விலக்கு என்றும் அவர் நிறுவினார். 60 என்பது 2, 2, 3, 5 என்பவற்றின் பெருக்கம். 5 ஒருமுறையே வருதல் காண்க. 1915இல் வெளிவந்த இவ்வாய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கிற்று. அக்காலத்தில் அப்பட்டத்தின் பெயர் பி.ஏ. என்பதே, ஆயினும் அது ஆராய்ச்சியாற் பெற்றது. ஏனைய பாடங்களிற் கவனமின்றிக் கல்லூரிப் பரீட்சையில் தவறியவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் ஆர்வம் மட்டும் போதாது. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா பெற்ற அவருக்கு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா உதவிப்பணம் அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தருதலே அவர் கடமை. உணவுக் கவலை நீங்கவே உள்ளம் ஆய்வில் நிலைத்தது. ஆதலின் ஆராய்ச்சியை நாடும் மாணவர் மூன்றினை முன்னரே தெளிதல் வேண்டும். தாம் விரும்பும் துறையில் வழிகாட்ட வல்ல மேற்பார்வையாளர் உளரா? ஆய்வுக்காலத்தில் உதவிப்பணமோ, போதனைப் பணியோ கிடைக்குமா? விடை தோன்றாத மாதங்களைப் பொறுக்கும் மனம் தமக்கு உண்டா? மூன்றாவதற்கு இல்லை என்பார் பாடவழி முதுமாணியை நாடுதல் இழுக்கன்று. பல துறைகளையும் அறிய விரும்புவார்க்கு அதுவே தக்கது.

தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேதான், மார்ச் 17இல், இராமானுசனும் சென்னையிற் கப்பலேறினார். நம் மாணவர் இன்று கடல் கடக்க வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் 1974இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் உயர்பட்டப் படிப்புகள் பீடம் உண்டு; வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மன்னார்த் தீவின் பாலத்தைக் கடந்து செல்லும் நம் இளைஞருட் சிலரேனும், பிறர் விடைகளைக் கற்பதோடு அமையாது, புதுவிடை ஒன்றும் கண்டு மீள்வாராக.