மௌனமும் உளக்காயமும்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையை நாடிப் பலரும் குடிபெயர்ந்துள்ளனர். பிறந்த வீட்டைவிட்டுத் தொலைவில் வாடகை வீட்டில் வாழும் பெண்ணைக் கணவரே துன்புறுத்தும்போது, முறையிட உறவினர் அருகில் இருப்பதில்லை. அத்தகைய பெண்ணின் மௌனத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வன்முறையின் பரப்பு

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். இந்திய அளவில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களுள் 14 விழுக்காட்டினரே உதவி நாடியுள்ளனர். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், பாலியல், சொல்லும் உணர்வும், பொருளாதாரம் சார்ந்த கொடுமைகளை வன்முறை என வரையறுக்கிறது. ஆலைக்குச் சென்று ஈட்டும் ஊதியம் கணவர் கைக்கே செல்லுமாயின், வருவாய் உள்ள பெண்ணும் வெளியேற வழியற்றவராகிறார்.

உளப் பாதிப்புகள்

தொடர் வன்முறை மனத்தை ஓயாத விழிப்பில் நிறுத்துகிறது. கணவர் ஷிப்ட் முடித்து வரும் நேரம் நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும். இணையர் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என உலக சுகாதார நிறுவனம் 2013இல் சுட்டியது. பதற்றம், தாக்குதல், சமாதானம் எனச் சுழலும் வன்முறையை லெனோர் வாக்கர் 1979இல் விளக்கினார். சமாதானக் கட்டம் தரும் நம்பிக்கையே பெண்ணை மீண்டும் அவ்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறது. ‘கல்லானாலும் கணவன்’, ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ எனும் வழக்குகள் அந்நம்பிக்கைக்கு மொழிவடிவம் தருவதோடு, பொறுக்க இயலாமையைப் பெண்ணின் குறையாகவும் மாற்றுகின்றன. தன்மீதே பழிசுமத்தும் மனநிலை இவ்வாறு வேரூன்றுகிறது.

அதிர்ச்சி நினைவையும் சிதைக்கிறது. நிகழ்ந்தவற்றை வரிசைப்படக் கூற இயலாமை, நாள் மாறுதல், உணர்ச்சியற்ற குரல் ஆகியன பொய்யின் அடையாளங்கள் அல்ல. காயத்தின் அடையாளங்களாகவும் இருக்கலாம். முறையீட்டைப் பதிவுசெய்யும் காவலரும் பாதுகாப்பு அலுவலரும் இதனை உணராவிடில், உண்மையான முறையீடும் ஐயத்திற்குள்ளாகும்.

முடிவுரை

வாடகை வீடாயினும், கணவருடன் வாழ்ந்த இல்லத்தில் வசிக்கும் உரிமையை மேற்குறித்த சட்டம் பெண்ணுக்கு அளிக்கிறது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணும் செயல்படுகிறது. எனினும், மௌனத்தை இசைவாகவும் தடுமாற்றத்தைப் பொய்யாகவும் கொள்ளும் செவிமுன் எவ்வுரிமையும் பயன்தராது. ‘ஏன் வெளியேறவில்லை?’ என்னும் வினாவுக்கு மாற்றாக, ‘வெளியேற எது தடையாயிற்று?’ என வினவுவதே உதவியின் முதற்படியாகும்.